கயிற்றை இழுக்கும் முன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் 40 சென்ட். அதில் பாதி காய்கறி, மீதி முருங்கையும் வாழையும். வெளிநாடு போன தம்பி மாட்டுக் கொட்டகையில் விட்டுப்போன பெட்ரோல் டில்லர் இரண்டு வருஷமாக நிற்கிறது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். எப்போதாவது உயிர் வந்தாலும் சோக்கை எடுத்தவுடன் அடங்கிவிடுகிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இது தேறாதும்மா, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் 63 சி.சி. மெஷின் ஒன்றைக் காட்டி, "அக்கா, இது வெயிட்டே இல்ல, லேடீஸுக்குன்னே செஞ்சது" என்கிறான். எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைப் போடாமல் பொதுவில் பதில் எழுதலாம் என்று நீங்களே சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்று எழுதினீர்களே, உங்கள் கடிதத்தில் இருந்த நல்ல செய்தி அதுதான். பிளக்கில் பொறி வருகிறது, பிஸ்டன் அழுத்துகிறது, இன்ஜின் உயிரோடுதான் இருக்கிறது என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பெட்ரோல் போகிற ஒரு சின்ன ஓட்டை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதை எப்படித் திறப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

பைக் தினமும் ஓடுகிறது. டில்லர் வருஷத்துக்கு 15 நாளோ 20 நாளோ ஓடிவிட்டு மற்ற நாளெல்லாம் நிற்கிறது. நான் பார்த்தவரையில் இந்த மெஷின்களுக்கு வரும் வியாதியில் முக்கால்வாசி நின்று நின்று வந்த வியாதி. புதிது வாங்கினாலும் அதே கொட்டகையில், டேங்கில் அதே பெட்ரோலோடுதான் நிற்கப்போகிறது. நிறுத்தி வைக்கத் தெரியாமல் வாங்கினால் இரண்டு வருஷம் கழித்து எனக்கு இதே கடிதத்தை மறுபடியும் எழுதுவீர்கள்.

மெஷினுக்கு முன்னால் மண்ணைப் பார்ப்போம். உங்களுடையது செம்மண், நடுநடுவே சரளை என்று எழுதியிருக்கிறீர்கள். சித்திரையில் அது காய்ந்து கிடக்கும்போது கடப்பாறை போட்டாலே கைதான் அதிரும். அந்த நிலையில் எந்தச் சின்ன டில்லரை விட்டாலும் கத்தி மண்ணுக்குள் இறங்காது. மேலேயே துள்ளிக்கொண்டு ஓடும், பிடித்திருப்பவர் பின்னாலேயே இழுபடுவார். மெஷின் சரியில்லை என்று பேர் வந்துவிடும். இறுகிக் கிடக்கும் நிலத்தை முதலில் உடைப்பது டிராக்டரின் வேலை. கோடை மழை ஒன்று விழுந்ததும் ஐந்து கொத்துக் கலப்பையோ ஒன்பது கொத்துக் கலப்பையோ வரவழைத்து ஒருமுறை ஓட்டிவிடுங்கள். காய்கறி நிலம் 20 சென்ட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. கட்டி உடைப்பது, தொழுவுரம் கலப்பது, பாருக்கு நடுவே களை எடுப்பது, இதெல்லாம் அதற்குப் பிறகு சின்ன டில்லர் பார்த்துக்கொள்ளும்.

ஓட்டுவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். கொழுக்கட்டை மாதிரி பிடிபட வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் புட்டு மாதிரி உதிர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஈரத்தில் ஓட்டினால் கத்தி மண்ணைப் பிசைந்துவிடும். காய்ந்த பிறகு ஓட்டாஞ்சில்லு ஓட்டாஞ்சில்லாகக் கிடக்கும்.

கோரையும் அருகும் மண்டிய இடம் இருந்தால் அங்கே டில்லரைக் கொண்டுபோகவே வேண்டாம். கோரைக்கு மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி மாதிரி கோத்துக் கிடக்கின்றன. கத்தி அதை அறுத்துத் தோட்டம் முழுக்க விதைத்துவிடும். அருகும் அப்படித்தான், துண்டான ஒவ்வொரு கணுவும் தனிச் செடி. ஓட்டிய மறுநாள் தோட்டம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், மூன்றாம் வாரம் பார்த்தால் வயிறு எரியும். கிழங்கோடு தோண்டி எடுப்பதற்கு மண்வெட்டிதான் லாயக்கு.

இனி அளவு. 20 சென்ட் என்றால் 8,712 சதுர அடி. கத்தி இரண்டடி அகலம் வெட்டினால் அந்த நிலத்தை ஒருமுறை ஓட்டி முடிக்க நீங்கள் நடக்க வேண்டியது ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு அடி அகலம் வெட்டும் மெஷின் என்றால் இரட்டிப்பு. திருப்பல், மேலே மேலே படிதல், இரண்டாவது சால் எல்லாம் சேர்த்தால் சின்ன மெஷினில் ஐந்தாறு கிலோமீட்டர் வந்துவிடும், அதுவும் அதிர்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. "வெயிட்டே இல்லை" என்ற வார்த்தையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

அந்த 63 சி.சி. மெஷின், புல் வெட்டும் மெஷினில் இருக்கிற மாதிரியான டூ ஸ்ட்ரோக் இன்ஜினைக் கத்திக்கு மேலே உட்கார வைத்தது. வீட்டைச் சுற்றி நாலு மேட்டுப் பாத்தி, ஏற்கெனவே பொலபொலவென்று இருக்கிற மண், ஐந்து சென்ட்டுக்குள் வேலை, இதற்கு அருமையான சாமான். நானே ஒன்று வைத்திருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சரளைச் செம்மண்ணில் எடை இல்லாதது வரமில்லை. மண்ணுக்குள் கத்தியை இறக்குவது பாதி இன்ஜினின் பலம், பாதி மெஷினின் பாரம். பாரம் குறைந்தால் அந்தக் குறையை உங்கள் முதுகு ஈடுகட்ட வேண்டும். லேடீஸுக்கென்று செய்தது என்பதெல்லாம் விற்பவர் பேச்சு. கனமான மெஷின் சரியான பதத்தில் தானாக நடக்கும், கையை வைத்துத் திசை காட்டினால் போதும். லேசான மெஷினோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

உங்கள் தம்பியின் இன்ஜினில் 170எஃப் என்று பொறித்திருக்கிறது என்றீர்கள். இது சீன இன்ஜின்களுக்குப் பெயர் வைக்கும் முறை, தெரிந்து வைத்துக்கொண்டால் கடையில் உதவும். 1 என்றால் ஒரு சிலிண்டர். 70 என்றால் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். எஃப் என்றால் காற்றில் குளிர்வது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 55 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 212 சி.சி. இவை அமைப்பில் ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வரிசையைப் பார்த்து வந்தவை என்பதால் பிளக், ஜெட், கேஸ்கட் எல்லாம் அலையாமல் கிடைக்கும். மூடியில் 7 எச்.பி. என்று ஒட்டியிருக்குமே, அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள். 196 சி.சி. உள்ள ஜிஎக்ஸ்200 இன்ஜினுக்கு ஹோண்டா இன்று சொல்வது 5.5 எச்.பி. முன்பு அதே அளவு இன்ஜினுக்கு 6.5 என்று போட்டிருந்தார்கள். இன்ஜின் சுருங்கிவிடவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. ஆகவே ஸ்டிக்கரில் இருக்கும் எச்.பி.யை விட்டுவிட்டு சி.சி.யைக் கேளுங்கள், அதில் யாரும் அவ்வளவு எளிதாகப் புளுக முடியாது. உங்கள் வேலைக்கு 170எஃப் தாராளம்.

கத்தியைப் பற்றி ஒரு சின்னக் கதை. 1912-ல் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் கில்காண்ட்ரா ஊரில், ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற பத்தொன்பது வயதுப் பையன் அப்பாவின் பண்ணையில் இன்ஜினைக் கொண்டு கத்தியைச் சுழற்றி மண்ணைக் கிளறப் பார்த்தான். மண்ணைக் கிளறியது, ஆனால் பக்கவாட்டில் வாரி இறைத்தது. பிறகு எல் எழுத்து மாதிரி முனையை மடக்கிய கத்தியைச் செய்து தண்டில் இடைவெளி விட்டுப் பூட்டினான். மண் இருந்த இடத்திலேயே கிளறி விழுந்தது. 1920-ல் காப்புரிமை. பின்னால் அவர் நடத்திய நிறுவனம் வைத்த பெயர்தான் நம் ஊரில் எல்லாரும் சொல்லும் ரொட்டவேட்டர். உங்கள் டில்லரைக் குனிந்து பாருங்கள், அதே மடக்கு இருக்கும். மெஷின் மண்ணைக் கிளறாமல் நழுவிக்கொண்டே போனால் அந்தக் கத்தியை யாரோ கழற்றி இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். மெஷின் முன்னால் போகும்போது கூர்மையான விளிம்புதான் முதலில் மண்ணைத் தொட வேண்டும். இடப்பக்கத் தொகுதியை வலப்பக்கம் போட்டால் கத்தியின் முதுகு மண்ணை அடிக்கும், சத்தம் மட்டும் வரும்.

சரி, கொட்டகைக்குப் போவோம். மெஷினை வெளியே, சமதளத்தில், காற்றோட்டமான இடத்தில் இழுத்துப் போடுங்கள். அடுப்பு, ஊதுபத்தி, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

முதலில் டேங்கைத் திறந்து மோந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் மூக்கில் சுர்ரென்று ஏறும். இரண்டு வருஷப் பெட்ரோலில் அந்தக் காரம் போய் வார்னிஷ் மாதிரி ஒரு புளித்த வாடை வரும். அதில் புதுப் பெட்ரோலை ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டியூபைக் கழற்றி முழுவதையும் ஒரு தகர டப்பாவில் வடியுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ கொட்ட வேண்டாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓடுகிற வண்டியில் அது பெரிய விஷயமில்லை. நிற்கிற டில்லரில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, கார்பரேட்டர் கிண்ணத்தில் வெள்ளையாகப் பொடி பூக்க வைக்கும். இந்தச் சின்ன இன்ஜின்களின் கையேடுகள் பலவற்றில் எத்தனால் 10 சதவீதம் வரைதான் என்று போட்டிருக்கும். நமக்கு வேறு பெட்ரோல் எளிதில் கிடைக்காது, அதனால் நிற்க வைக்காமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அடுத்தது இன்ஜின் ஆயில். உங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. ஆயில் தனியாக அடியில் இருக்கிறது. மூடியைத் திறந்து குச்சியைத் துடைத்து விட்டுப் பாருங்கள். இரண்டு வருஷம் ஆனதால் பழையதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றிவிடுவது உத்தமம், அரை லிட்டரிலிருந்து 600 மில்லி வரை பிடிக்கும். சில இன்ஜின்களில் ஆயில் குறைந்தால் ஸ்டார்ட்டே ஆகாதபடி ஒரு சென்சார் உண்டு. அது தெரியாமல் பிளக்கையும் காயிலையும் மாற்றிச் செலவழித்தவர்கள் உண்டு. டூ ஸ்ட்ரோக் மெஷினுக்கு நேர் எதிர்: பெட்ரோலோடு ஆயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும். 25-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி, தனி டப்பாவில் குலுக்கிவிட்டு. மறந்து வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதோடு முடிந்தது.

பிளக்கைக் கழற்றுங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். கருகருவென்று கரி என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பெட்ரோலில் நனைந்திருந்தால் சோக்கைப் போட்டு அதிகமாக இழுத்துவிட்டீர்கள். துடைத்து, கால் மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டுப் பூட்டுங்கள். இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். அளவுகோல் இல்லாவிட்டால் ஆக்ஸா பிளேடு நுழைந்து, கொஞ்சூண்டு ஆட்டம் இருக்க வேண்டும்.

ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்றே திறங்கள். கொட்டகையில் நின்ற மெஷினில் உள்ளே என்ன குடியிருக்கும் என்று சொல்ல முடியாது. எலி ஸ்பாஞ்சைக் கடித்துக் கூடு கட்டியிருக்கும். சைலன்சர் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். புகை போக வழியில்லாத இன்ஜின் எத்தனை இழுத்தாலும் எழாது. ஒரு குச்சியால் குடைந்து எடுத்தால் சரியாகிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, இன்ஜின் ஆயிலில் ஒரு சொட்டு இரண்டு சொட்டு விட்டுப் பிசைந்து, உபரியைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். காகித ஃபில்டர் என்றால் தண்ணீர் படக்கூடாது, தட்டி உதறினால் போதும், கிழிந்திருந்தால் புதிது. ஃபில்டர் இல்லாமல் "சும்மா ஒரு சால்" ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். செம்மண் தூசி பிஸ்டனுக்கு உப்புத்தாள் மாதிரி.

இனிதான் உங்கள் வியாதிக்கு மருந்து. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்பரேட்டருக்குக் கீழே உருண்டையாக ஒரு கிண்ணம் தொங்கும். நடுவில் ஒரு போல்ட், பெரும்பாலும் 10-ம் நம்பர் ஸ்பேனர். கீழே ஒரு வெள்ளைத் தட்டை வைத்துக்கொண்டு கழற்றுங்கள். அப்போதுதான் விழுகிற வாஷர் கண்ணில் படும். கிண்ணத்தின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடியோ, கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பாக ஒரு படலமோ இருக்கும். மேலே ஒரு மிதவை தொங்கும், அதை ஒரு சின்ன ஆணி பிடித்திருக்கும். ஆணியை உருவினால் மிதவையும் ஊசி வால்வும் கையோடு வரும். நடுவில் நிற்கிற குழாய்க்குள், தட்டையான ஸ்குரூ டிரைவரால் திருகினால் ஒரு பித்தளைத் துண்டு இறங்கும். மெயின் ஜெட் என்பது அதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓட்டை. வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தாலோ, ஒன்றுமே தெரியாவிட்டாலோ, உங்கள் தோள்பட்டை வலிக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

சோக் போட்டால் ஓடுவதற்கு விளக்கமும் இதில்தான் இருக்கிறது. சோக் காற்றை மறிக்கிறது. காற்று குறைந்தால் இன்ஜின் பலமாகப் பெட்ரோலை உறிஞ்சும், பாதி அடைத்த ஓட்டையிலும் தேவைக்குக் கொஞ்சம் வந்துவிடும். சோக்கை எடுத்ததும் காற்று தாராளம், பெட்ரோல் பற்றாக்குறை. இன்ஜின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சிரைக்கிற மாதிரி ஓடுவதும் இதே நோய்தான், இன்னும் கொஞ்சம் லேசானது.

ஜெட்டைக் கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயிலோ புதுப் பெட்ரோலிலோ ஊறப் போடுங்கள். குத்தி எடுக்க ஊக்கு, ஊசி வேண்டாம்; பித்தளை மெத்து, ஓட்டை பெரிதாகிவிட்டால் பிறகு கரும்புகையாகத் தள்ளும். பழைய மின்வயரை உரித்து ஒரே ஒரு செம்புக் கம்பி இழையை எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும். ஜெட்டுக்கு மேலே ஒரு சல்லடைக் குழாய் இருக்கும், அதன் பக்கவாட்டுத் துளைகளையும் பாருங்கள். ஐடில் ஸ்குரூ பக்கத்தில் இன்னொரு குட்டி ஜெட் உண்டு. ஐடிலில் நிற்காமல் அணைந்தால் குற்றவாளி அது. சைக்கிள் பம்பால் எல்லா வழியிலும் காற்றடித்துவிட்டு, கழற்றிய வரிசைக்குத் தலைகீழாகப் பூட்டுங்கள். நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேர வேலை. கழுவியும் சரியாகவில்லை என்றால் முழு கார்பரேட்டரே புதிதாகக் கிடைக்கும், 170எஃப் என்று சொல்லி வாங்கலாம். புது டில்லர் விலையோடு பார்த்தால் அது கொசுறு.

கயிறு இழுக்கவே வராமல் இறுகி நின்றால் வேறு கதை. மெஷினைத் தப்பான பக்கம் சாய்த்துக் கத்தியைச் சுத்தம் செய்திருப்பார்கள், ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். பலத்தைக் காட்ட வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக நாலைந்து தரம் இழுத்தால் ஆயில் வெளியே துப்பும். அப்போது முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

இதெல்லாம் எனக்கு ஏட்டில் வந்த அறிவு இல்லை, காசு கொடுத்துப் படித்தது. சில வருஷத்துக்கு முன் என் டில்லர் ஒன்று நன்றாக ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிஷம் ஜோராக ஓடும், பாதிப் பாத்தியில் அடங்கிவிடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடியும் எழும். சூடு ஏறினால் காயில் போகிறது என்றார் மெக்கானிக். காயில் மாற்றினோம். பிளக் மாற்றினோம். கார்பரேட்டரை இரண்டு தரம் கழுவினோம். ஒருநாள் வயலில் நின்றுபோனபோது பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், வெளியே இருந்து உள்ளே காற்று இழுக்கிற சத்தம். கயிற்றைத் தொட்டேன், ஓடியது. மூடியில் காற்றுப் போக ஒரு ஊசித் துளை இருக்கிறது. அதில் மண் அப்பிக்கொண்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம், பிறகு சொட்டுக்கூட இறங்காது. மூன்று மாதச் செலவு, ஒரு குண்டூசி வேலை. அதிலிருந்து, ஓடி ஓடி நிற்கிற எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் மூடியைத்தான் தளர்த்திப் பார்க்கிறேன்.

இன்ஜின் நன்றாக ஓடி, கத்தி மட்டும் மண்ணில் பட்டதும் நின்றுபோனால் இன்ஜினைத் தொட வேண்டாம். பெல்ட் மெஷின் என்றால் பெல்ட் தொய்ந்திருக்கும் அல்லது கிளட்ச் வயர் நீண்டிருக்கும். கியர் மெஷின் என்றால் கிளட்ச். கியர் பாக்ஸில் 90-ம் நம்பர் ஆயில் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கத்தித் தண்டு கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஆயில் கசிகிறதா என்று குனிந்து பாருங்கள். உங்களுடையது சொட்டு நீர்த் தோட்டம். கறுப்பு டியூப் ஒன்று கத்தியில் மாட்டினால் கண் இமைப்பதற்குள் இருபதடியைச் சுருட்டி விழுங்கிவிடும். டியூபை வெட்டி எடுத்துவிடலாம்; ஆனால் சணலும் பந்தல் நூலும் தண்டின் ஓரத்தில் நுழைந்து ஆயில் சீலை அறுத்துவிடும், ஆயில் போன பிறகு கியர் அரைத்துக்கொண்டு போகும். ஓட்டுவதற்கு முன் டியூபையெல்லாம் சுருட்டி வரப்பில் போடுங்கள். ஓட்டி முடித்ததும் தண்டில் சுற்றிய நாரை வெட்டி எடுங்கள். அதற்கு முன், ஒவ்வொரு தடவையும், இன்ஜின் நின்றிருந்தாலும், பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

ஓட்டும்போது பின்னால் தொங்குகிற இரும்புக் கம்பியை மறக்காதீர்கள். பலர் அதை ஸ்டாண்டு என்று நினைத்துக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். கத்தி மெஷினை முன்னால் இழுக்கும், அந்தக் கம்பி மண்ணில் ஊன்றிப் பிடித்து நிறுத்தும். அந்த இழுபறியில்தான் கத்தி ஆழம் போகிறது. மெஷின் ஓட்டமாக ஓடினால் கம்பியை ஒரு ஓட்டை கீழே இறக்குங்கள். ஒரே இடத்தில் நின்று குழி பறித்தால் ஒரு ஓட்டை மேலே ஏற்றுங்கள். முதல் சால் மேலோட்டமாக, இரண்டாவது சால் ஆழமாக. புடவைத் தலைப்பு, துப்பட்டா, துண்டு எதுவும் தொங்கக் கூடாது. ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் போட்டுச் சுவரையோ மரத்தையோ நோக்கிப் பின்னால் வராதீர்கள், இந்த மெஷினில் கால் போவது அப்படித்தான்.

ஒருவேளை இதையெல்லாம் செய்தும் பழையது தேறாமல், புதிது வாங்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு விஷயம். உழவன் செயலியில் பதிந்து வேளாண் பொறியியல் துறை வழியாகப் போங்கள். மானியத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை உண்டு. பரிசோதிக்கப்பட்ட மெஷின்தான் பட்டியலில் வரும் என்பது கூடுதல் நன்மை. இரண்டாவது, கடைக்காரரிடம் எச்.பி. கேட்பதற்கு முன், "இதற்கு ஆயில் சீலும் கத்தியும் இப்போது கடையில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டினால் வாங்குங்கள். "வரவழைச்சுத் தரலாம்மா" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். புது மெஷின் பெரும்பாலும் ஆயில் இல்லாமலேதான் பெட்டியில் வரும். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஊற்றாமல் கயிற்றைத் தொட்டுவிடாதீர்கள்.

பட்டம் முடிந்து மெஷினை நிறுத்தும் அன்று பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். கிண்ணத்தில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக அணையும். டேங்கில் மிச்சமிருப்பதை வடித்து பைக்கில் ஊற்றிவிடுங்கள். சைலன்சர் வாயில் ஒரு துணியை அடைத்து, மறக்காமல் இருக்க அதன் வாலை வெளியே தொங்கவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பிளக் வயரைப் பிடுங்கிவிட்டுக் கயிற்றை இரண்டு தரம் மெதுவாக இழுத்து விடுங்கள். இவ்வளவும் செய்ய கால் மணி நேரம் ஆகுமா?

கார்பரேட்டரைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பூட்டும்போது கை கொடுக்கும். ஜெட்டில் வெளிச்சம் எப்படித் தெரிந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். பழைய இரும்புக்காரர் வந்தால் இன்னும் பத்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்